கை நனைக்காத சம்பந்தி

தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில், எழுபதுகளில், பெண் எடுப்பதைவிட நாய்க்குட்டி எடுப்பது கஷ்டமாக இருந்தது. இரண்டையும் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

காரணம் டிஸ்பென்சரி நர்ஸம்மா. கேட்பாரில்லாமல் கிடக்கும் குட்டிகளைத் தூக்கிவந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒன்றாக வளர்க்கக் கொடுத்துவிடுவார். நல்ல ஆள் வந்து கேட்டால் வளர்த்தவர்கள் குட்டியை ஒப்படைத்துவிட வேண்டும். ஆனால் ஆள் நல்ல ஆளா என்று முடிவு செய்வதும் வளர்த்தவர்கள்தான். வில்லங்கம் அங்கேதான் இருந்தது.

நான் கண் வைத்த பெட்டைக் குட்டி, மேல் லயத்தில் கொழுந்து கிள்ளும் ஓர் அக்காவிடம் வளர்ந்தது. மேனேஜர் பங்களா அல்சேஷனுக்கும் ஏதோ ஒரு நாட்டு நாய்க்கும் பிறந்தது. பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான், அதற்குள் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. எனக்கும் என் மனைவிக்கும் பார்த்ததுமே பைத்தியம் பிடித்துவிட்டது.

அக்கா பிடி கொடுக்கவில்லை. நிறையத் தின்னும் என்றார். தின்னட்டும் என்றேன். செருப்பைக் கடிக்கும் என்றார். நான் செருப்பே போடுவதில்லை என்றேன், போட்டிருந்ததைக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே. கடைசியில்தான் நிஜமான பயத்தைச் சொன்னார். எங்கள் வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் நாயை ராத்திரி வாசலில் கட்டிப்போட்டுச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தவர்கள்.

"வீட்டைப் பாக்காம பிள்ளையத் தர மாட்டேன் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை குட்டியோடு வந்தார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அக்கா டம்ளரைத் தொடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய எங்கள் ஜனத்தில், சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பின்வாங்க முடியாது. அந்த வழக்கத்தை அக்கா நாய்க்கும் பிடித்துக்கொண்டார்.

அப்படியானால் அவர் வாயில் எதையாவது போட்டுவிட்டால் குட்டி நம்முடையது என்று கணக்குப் போட்டேன். முறுக்கு நீட்டினேன். பல்வலி என்றார். வெற்றிலைத் தட்டை நகர்த்தினேன். தன் சுருக்குப் பையை அவிழ்த்துத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். கோவில் பொரிகடலையை எடுத்தேன். சாமி பிரசாதத்தை எப்படி மறுப்பார்? மறுக்கவில்லை. கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டார். மகா கெட்டிக்காரி.

குட்டி எங்கே படுக்கும் என்று அவர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியில் சட்டி உருண்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். எங்கள் மத்தியானச் சோற்றில் குட்டி கழுத்துவரை இறங்கியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பொண்ணே கை நனைச்சிட்டாளே அக்கா."

மனைவி என்னை முறைத்தாள். அக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்து, சேலையால் குட்டியின் வாயை, மூக்கை, காதை எல்லாம் மெதுவாகத் துடைத்தார்.

"ராத்திரி உள்ளதான் போடணும்."

கட்டிலுக்கடியில், எங்களோடுதான் என்று மனைவி சத்தியம் செய்தாள். அக்கா எழுந்து வந்து, ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார். எனக்கு ஜெயித்த சந்தோஷம். கூடவே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. சீனி போதுமா என்று மனைவி கேட்டாள். அளவா இருக்கு என்றார். பின்னாலேயே ஓடப் பார்த்த குட்டியை மனைவி இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அக்கா திரும்பிப் பார்க்காமல் மேல் லயத்துக்கு ஏறிப் போனார்.

அதே காப்பியில் எனக்கு ஊற்றி வைத்திருந்ததை அப்புறம்தான் எடுத்து வாயில் வைத்தேன். சீனியே போட்டிருக்கவில்லை.