இருபத்தொரு நாளுக்குத் தக்காளி

வியாழக்கிழமை, காலை 5.40, உப்புவெளி.

தம்பி சிவாவைக் கடலுக்குப் போகவிடாமல் மறிக்கத்தான் முதல்நாள் பின்னேரம் வவுனியாவிலிருந்து மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். சிவா ஐந்து பேர் போகும் பலநாள் மீன்பிடிப் படகின் ஸ்கிப்பர். போன பயணத்தில் பதினோராம் நாள், சுக்கானைப் பிடித்தபடியே தலைசுற்றி விழுந்திருக்கிறான். பிரஷர். டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைத்தால் போகலாம் என்று சொல்லிவிட்டார். நடுக்கடலில் மூன்று கிழமை கருவாடும் சோறும் தின்கிறவனுக்கு உப்பை யார் குறைப்பது?

“நீங்கள் சொன்னால்தான் கேட்பார், மச்சாள்” என்று அவன் மனைவி கலா டெலிபோனில் அழுதிருந்தாள்.

சிவா என்னோடு வாதாடவில்லை. “முதல்ல நிஸாமோட சந்தைக்குப் போயிட்டு வாங்கோ அக்கா. பிறகு மறியுங்கோ” என்றான்.

நிஸாம் அந்தப் படகின் சமையற்காரர். கிண்ணியாக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஓட்டோவோடு வாசலில் நின்றார். சந்தைக்கு நான்கு கிலோமீற்றர், நானூற்றைம்பது ரூபாய்.

காலை 6.15, திருகோணமலைச் சந்தை.

தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்த தக்காளி கிலோ முந்நூற்றிருபது. தோப்பூரிலிருந்து விடியப்புறம் பறித்துக்கொண்டு வந்தது முந்நூற்றறுபது. நிஸாம் விலை கூடிய குவியலுக்கு முன்னால் குந்தினார்.

“லொறிப் பழம் பார்க்க வடிவுதான் அக்கா. ஆனா ஒண்டுக்கு மேல ஒண்டு நெரிபட்டு வந்தது. உள்காயம் இண்டைக்குத் தெரியாது. நாலு நாள் போனாத்தான் தெரியும்.”

நன்றாகச் சிவந்ததில் ஐந்து கிலோ எடுத்தார். அடிப்பக்கம் மட்டும் இளஞ்சிவப்பு ஏறியதில் எட்டு. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார், காம்படியை முகர்ந்தார், விரலால் அழுத்தவேயில்லை. பிறகு பச்சைக் காய்களுக்கு வந்தார். ஒன்றை எடுத்து, அதற்கு முதலிலேயே காசைக் கொடுத்துவிட்டு, பேனாக்கத்தியால் குறுக்கே வெட்டி என் முன்னால் நீட்டினார்.

“விதையைப் பாருங்க. கத்தி பட்டு வெட்டுப்பட்டிருக்கா?”

இல்லை. வழுவழுப்புக்குள் விதைகள் கத்திக்கு வழிவிட்டு விலகியிருந்தன.

“அப்ப இது முத்தின காய். கடல்ல வச்சு ஆறுதலாப் பழுக்கும். விதை வெட்டுப்பட்டா அது பிஞ்சு. பழுக்காது, அழுகிப்போகும்.”

வெட்டிய காயின் நிறத்தையும் மினுக்கத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு மற்றக் காய்களைப் பொறுக்கினார். தோப்பூர்த் தக்காளி விற்ற பெண் தராசைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தாள். “இவரை நாங்க அவசரப்படுத்த ஏலாது” என்றாள். மொத்தம் இருபத்திரண்டு கிலோ. ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. முப்பது வருடமாகச் சமைக்கிற நான், ஒரு பை தக்காளிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழித்தவளல்ல.

“இவ்வளவும் ஏன்?” என்று கேட்டேன்.

“போன முறை சிவா விழுந்த நாளிலயிருந்து நான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லயில்ல. தக்காளியைக் கூட்டினேன். புளிப்பு இருந்தா நாக்கு உப்பைத் தேடாது. ஒருத்தரும் கண்டுபிடிக்கயில்ல. பதினாலாம் நாள் தக்காளி முடிஞ்சுது. அடுத்த நாளே சோறு சப்பெண்டு இருக்கெண்டு எல்லாரும் கத்த, திரும்ப உப்பைப் போட்டனான். கரைக்கு வந்த பிறகுதான் சிவாவுக்குச் சொன்னனான். இந்த முறை தக்காளி முடியக் கூடாது அக்கா.”

காலை 8.30, கொட்பே மீன்பிடித் துறைமுகம்.

வாசலில் பெயர் பதிந்துவிட்டு உள்ளே போனேன். மூன்று பக்கமும் பச்சை மலை. நடுவில் ஒரு மடிப்பும் இல்லாத தண்ணீர். அந்த அகலத்துக்கு முன்னால் நிற்கையில் என் குரல் தானாகவே தணிந்தது. கரையோரம் நின்ற படகுகள், கடலுக்குள் கண்மறையும் வரை போகிறவை, விளையாட்டுச் சாமான்கள் போலிருந்தன. அதில் ஒன்றில்தான் என் தம்பி போகப்போகிறான்.

நிஸாம் பிளாஸ்டிக் பெட்டிகளில் பத்திரிகைத் தாள் விரித்து, தக்காளியை ஒற்றை அடுக்காக, காம்புப் பக்கம் கீழே இருக்க அடுக்கினார். கழுவவில்லை, ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்றார். படகில் டன் கணக்கில் ஐஸ் இருந்தது. அதற்குள் ஒரு காய்கூடப் போகவில்லை. “ஐசுக்குள்ள காய் பழுக்காது. பழத்தின்ட ருசி செத்துப்போகும்.” படுக்கைப் பலகைகளுக்குக் கீழே, காற்றோட்டமான நிழலில் பெட்டிகள் போயின. சிவப்பு முன்னால், பச்சை கடைசியில். எந்தப் பெட்டியை எந்த நாளில் திறப்பது என்பது அவர் மனதுக்குள் இருந்தது.

மத்தியானம் படகிலேயே சமைத்தார். கொஞ்ச எண்ணெயில் வெங்காயமும் உள்ளிப்பூண்டும் வதங்கியபின் ஆறு பழங்களைப் போட்டு, தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை கிண்டினார். “பச்சையாத் தின்னுறதும் நல்லம். ஆனா இப்பிடி எண்ணெயில வதக்கினா அந்தச் சிவப்புச் சத்து உடம்பில நல்லாச் சேருமாம். போத்தல் சோஸ் மட்டும் வாங்கிராதீங்க, அதுக்குள்ளயே உப்பிருக்கு.” பிறகு சூரை மீன். உப்பு, இரண்டு விரலால் கிள்ளிய அளவு.

நான் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தேன். இன்னொரு கவளம் எடுத்தேன். உப்பைப் பற்றிய நினைப்பே வரவில்லை. காலையிலேயே படகுக்கு வந்திருந்த சிவா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன அக்கா, மறிக்கப்போறீங்களோ?”

“மாத்திரையை மறக்காமல் போடு” என்றேன். மூன்று மணிக்குப் படகு மலைகளுக்கிடையால் திரும்பி மறைந்தது.

மூன்று கிழமை கழித்து, வெள்ளிக்கிழமை, காலை 9.00.

மறுபடியும் பஸ் ஏறி வந்து, கலாவோடு துறைமுகத்தில் நின்றேன். முதலில் குதித்து இறங்கியவன் சிவா. மெலிந்திருந்தான், நடை நிதானமாக இருந்தது.

நிஸாம் ஜும்ஆத் தொழுகைக்குக் கிண்ணியா போகும் அவசரத்தில் இருந்தார். ஆனாலும் நின்று சொன்னார்: “பன்னிரண்டாம் நாள் பெரிய கடல் அக்கா. தண்ணி உள்ள வந்து ரெண்டு பெட்டி நனைஞ்சு போச்சு. பழுதானதை எறிஞ்சிட்டு, மிச்சத்தை அண்டைக்கே முழுக்க வதக்கி இறுக்கி, ஐசில வச்சேன். சமைச்சா ஐஸ் ஒண்டும் செய்யாது. அது அஞ்சு நாள் வந்துது. பிறகு பச்சைப் பெட்டி பழுத்திட்டுது.”

“தக்காளி முடியவில்லையா?”

“நேத்தும் போட்டனான்.”

அங்கிருந்து நேரே டொக்டரிடம் போனோம். பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. பாதி மாத்திரையின் வேலை, பாதி சாப்பாட்டின் வேலை என்று டொக்டர் சொன்னார். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

பகல் 1.00, உப்புவெளி.

கலா வழக்கம்போல் மீன் குழம்பும் பருப்பும் வைத்திருந்தாள். சிவா ஒரு வாய் சாப்பிட்டான். கை நின்றது. தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

“கலா, உப்புக் கூடிப்போச்சு.”

“நான் அரைவாசிதான் போட்டனான்!” என்றாள் அவள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கலா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து எழும்பிப் போனேன். கலா உப்புப் போத்தலை அலுமாரியின் மேல்தட்டில், எட்டாத உயரத்தில், கதிரை போட்டு ஏறி வைத்துக்கொண்டிருந்தாள்.