சும்மா கொடுத்த கம்பனிகளும் நம்பாத அத்தானும்

யுத்த காலத்தில் லிங்கநகரில் அக்காவும் நானும் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினோம். இடம் அக்காவின் புருஷன், அத்தானுடைய வீட்டு விறாந்தை. வாடகை இல்லை, அதற்குப் பதிலாக அவருடைய கருத்துகளைக் கேட்க வேண்டும்.

கள்ள சீடியில் ஏற்றிய சிஸ்டம் வைரஸ் பிடித்துப் படுத்துவிட, கொழும்பில் இருந்த சிநேகிதியிடம் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தின் சீடி வாங்கி வந்தேன். சோதனைச் சாவடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாட்டு என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அத்தான் அப்படி லேசில் விடுகிற ஆள் இல்லை.

"பெரிய கம்பனிகள் சம்பளம் குடுத்து ஆக்களை வச்சு எழுதுவிக்கினம் அத்தான். ஆரும் சும்மா எடுக்கலாம்" என்று விளக்கினேன்.

"கக்கூஸ் கட்டித் தந்த உதவி நிறுவனக்காரரே முன்னால தங்கட பேரில போர்ட் அடிச்சிட்டுத்தான் போனவங்கள். இவங்கள் எங்க அடிக்கப் போறாங்கள்?"

"கக்கூஸ் நல்லாத்தானே இருக்கு" என்றாள் அக்கா.

லினக்ஸ் ஏறியது. ஆனால் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வேர்க் கார்ட் அசையவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போனும் இன்டர்நெட்டும் வாடகைக்குத் தரும் கொம்யூனிகேஷன் கடைக்குப் போய், லினக்ஸை உருவாக்குகிறவர்களின் பொது மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். அந்தக் கார்டைச் செய்த கம்பனியின் பொறியியலாளரே திருத்தம் எழுதி அனுப்பினார். போட்டதும் வேலை செய்தது.

அத்தானுக்குச் சந்தேகம் கூடியது. "மச்சாள், அவங்களுக்கு இதில என்ன லாபமெண்டு கேளும்."

கூச்சத்தோடு கேட்டேன். பொறியியலாளர் கூச்சமே இல்லாமல் பதில் எழுதினார். லினக்ஸ் பாவிக்கிறவர்கள் அதில் ஓடாத கார்டை வாங்கமாட்டார்கள். முழு சிஸ்டத்தையும் தனியாக எழுதிப் பராமரித்தால் கம்பனி முறிந்துவிடும். எனவே போட்டிக் கம்பனிகளோடு சேர்ந்து எழுதிவிட்டு, விற்பனையில் மட்டும் ஒருவரோடொருவர் அடிபடுகிறார்கள். தங்கள் திருத்தத்தைக் கம்பனிக்குள் ஒளித்து வைத்தால், புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் திரும்ப ஒட்டவைக்க வேண்டும். பொதுவில் போட்டால் அந்தத் தொல்லை குறைவு.

வாசித்துக் காட்டினேன். அத்தானின் முகம் மலர்ந்தது.

"அப்ப சுயநலம்தான்! ஏன் இதை முதலே சொல்லேல்லை? எல்லா மெஷினிலயும் போடும்."

பிறகு லினக்ஸின் குறைகளைப் பற்றி எழுதும் முறைப்பாடுகளுக்கு அவரே பொறுப்பாளரானார். திரையில் தமிழ்க் கொம்பு எழுத்தைவிட்டு விலகி நிற்கிறது என்று என்னைக் கொண்டு எழுதுவித்தார். எந்தக் கம்பனியும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீரா? லாபமில்லாட்டி வரமாட்டாங்கள்" என்று சந்தோஷப்பட்டார்.

கன காலம் கழித்து, எங்கோ படித்துக்கொண்டிருந்த ஒருவர் சம்பளம் எதுவும் இல்லாமல் அந்தக் கொம்பைச் சரிசெய்து அனுப்பினார். அவரை மட்டும் அத்தான் கடைசிவரை நம்பவில்லை.