இருபது வரவேண்டும்

அக்காவைப் பெண் பார்க்கக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்தபோது எனக்கு எட்டு வயது. அக்கா எட்டாம் வகுப்பு முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். பாளையங்கோட்டைக்குப் போய் டீச்சர் டிரெய்னிங் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை பார்த்தார்.

அக்காவுக்குப் பொழுதுபோக்கு எனக்குக் கணக்குக் கொடுப்பது. ஒரே எண்ணைச் சிலேட்டில் நாலு தடவை எழுதுவாள். கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ அவள் சொல்கிற எண்ணை நான் கொண்டுவர வேண்டும். வராவிட்டால் தலையில் ஒரு குட்டு. பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே அவளே விடையைச் சொல்லிவிடுவாள்.

மாப்பிள்ளை தாலுகா ஆபீசில் குமாஸ்தா. காப்பி குடித்து முடித்ததும் அவரே அக்காவிடம் பேசினார்.

"எட்டு வரைக்கும் படிச்சிருக்கதா சொன்னாங்க. நாலுங்கிற எண்ணை நாலு தடவை வச்சு இருபது வரணும். எப்படி?"

அக்கா தரையைப் பார்த்தபடி, "தெரியலை" என்றாள்.

கூட வந்த அவருடைய மாமா சிரித்துக்கொண்டே, "படிச்ச பிள்ளைன்னுல்லா சொன்னிய, அண்ணாச்சி" என்றார். அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார்.

அதே கணக்குக்கு முந்தின வாரம்தான் நான் குட்டு வாங்கியிருந்தேன். அம்மாவின் பின்னாலிருந்து முன்னே வந்தேன்.

"நாலை நாலால வகுத்தா ஒண்ணு. அதோட நாலைக் கூட்டுனா அஞ்சு. அஞ்சை நாலால பெருக்குனா இருபது. அக்காதான் சொல்லித் தந்தா."

மாப்பிள்ளை அக்காவை இன்னொரு முறை பார்த்தார். கூச்சம் போலிருக்கிறது என்று மாமாவிடம் சொன்னார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

அப்பா எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தார். பாதியை அக்காவிடம் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"ஏட்டி, ஒன்கிட்ட யாரு கேட்டா?"

"ஒனக்குத் தெரியும்லா. பின்னே ஏன் தெரியலைன்னே?"

அவள் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

புது ஆட்களைப் பார்த்த பயத்தில் மறந்திருப்பாள் என்று முடிவு செய்து, அந்தப் பாதியையும் நானே தின்றேன். வேண்டாம் என்று யாரும் அவளைச் சொல்லவிடாத இடத்தில், அவளால் சொல்ல முடிந்தது அந்த ஒரு வார்த்தைதான் என்பது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அக்காவின் மூத்த பையன் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கியிருந்தான்.