ஹைடல்பேர்க்கில் இருந்த கடுதாசி

கனடியப் பாஸ்போட் கைக்கு வந்ததும் நான் முதலில் போன நாடு ஜேர்மனி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஊர் சுற்றப் போகிறேன் என்று ரொறன்ரோவில் நாங்கள் இருந்த மல்வேர்னில் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும். நான் போனது என் தங்கைக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையிடம் ஒரு கடுதாசி வாங்க.

அவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். யாழ்ப்பாணத்தில் இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கையோடு நாட்டில் சண்டை பெருத்தது. அவன் ஜேர்மனிக்கு ஓடினான், நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தோம். ஆறு வருடமாகத் தங்கை காத்திருந்தாள். வேறு சம்பந்தம் வந்தபோதெல்லாம் அம்மா அழுது பார்த்தா, இவள் அசையவில்லை. அவனை ஸ்பொன்சர் செய்யலாம் என்று போனால், லோயர் ஒரே பிடியில் நின்றார். அகதியாகப் பதிந்தபோது அவன் ஜேர்மனியில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி வேண்டும், அங்கே சொன்னதும் இங்கே எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும். அவனிடம் ஃபோனில் கேட்டால், "அனுப்பிறன் மச்சான், அனுப்பிறன்" என்பான். எட்டு மாதமாக அனுப்பிக்கொண்டே இருந்தான்!

"நேரை போய் வாங்கிக்கொண்டு வாங்கோ அண்ணா," என்றாள் தங்கை. "அவர் ஏதோ ஒளிக்கிறார் போலை கிடக்கு."

ஹைடல்பேர்க்கில் ஓர் உணவுக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் அவன் இருந்தான். கீழே அதே கடையில் கோப்பை கழுவும் வேலை. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதான். கோழிக்கறி சமைத்தான். லீவு எடுத்துக்கொண்டு ஊர் காட்டக் கூட்டிப்போனான். நான் கடுதாசி என்று வாயைத் திறந்தால், "முதல் கோட்டையைப் பார்" என்பான். இடிந்த சிவப்புக் கோட்டை மலையில் நிற்கிறது. உள்ளே வீட்டளவு பெரிய வைன் பீப்பா. அதன் மேலே சனம் ஏறி நடக்கிறது. அது எந்த அரசன் காலத்தது, எத்தனை மரம் வெட்டினார்கள் என்று கைடு மாதிரி ஒப்புவித்தான்.

"பீப்பா பாக்கவோடா நான் கடல் கடந்து வந்தனான்?" என்று கேட்டேன். சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆற்றுப் பாலத்தில் என்னை நிறுத்தி, "உங்காலை திரும்பு, கோட்டையும் விழட்டும்" என்று கமராவைத் தூக்கினான். நான் கமராவைப் பறித்தேன்.

"உனக்கு இஞ்சை ஆரும் இருக்கினமோ? இருந்தால் சொல்லித் துலை. என்ர தங்கச்சி கிழவியாகப் போறாள்."

அவன் என்னைக் கூட்டிக்கொண்டு அறைக்கு நடந்தான். மெத்தைக்குக் கீழிருந்து ஒரு பைலை எடுத்து நீட்டினான். தமிழில் எழுதிய வாக்குமூலம், பின்னால் அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பு. அதில் மனைவி என்று போட்டு என் தங்கையின் முழுப்பெயரும் பிறந்த திகதியும் இருந்தன. அடுத்த வரியில், ஷெல் விழுந்து இறந்துவிட்டார் என்றிருந்தது.

"வீட்டிலை இழப்பு இல்லாத ஆக்களைத் திருப்பி அனுப்பிறாங்கள் எண்டு முகாமிலை கதைச்சினம்," என்றான். "அகதிக் கேஸ் எழுதித் தந்த அண்ணை பெண்சாதி செத்ததா எழுதுவம், பேரைச் சொல்லு எண்டார். எனக்கு வேற ஆற்றை பேர் வாயிலை வரும் மச்சான்? விசாரணையிலை அவளின்ர பேரைச் சொல்லேக்கை உண்மையாவே அழுதிட்டன். அதைப் பாத்துத்தான் நம்பினவங்கள்."

"செத்தவள் எப்பிடியடா உன்னை ஸ்பொன்சர் செய்யிறது? போய்த் திருத்தடா."

"திருத்தினால் பொய்க் கேஸ் எண்டு ஊருக்கு ஏத்திப்போடுவாங்கள்."

அடிக்கத்தான் கை போனது. அடிக்கவில்லை. நானும் என் கேஸில் யாரோ வாங்கிய அடியை நான் வாங்கியதாக எழுதியவன்தான். எங்களில் கலப்படமில்லாத கேஸ் யாரிடம் இருந்தது? ஆனால் நான் ஆளைச் சாக்காட்டவில்லையே! அவனோடு வாய்ச்சண்டை கொழுவிக்கொண்டு, சொல்லாமலே ரயில் ஏறினேன்.

மல்வேர்னில் தங்கை கதவடியிலேயே நின்றாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. பொய் சொல்லலாமா என்று விமானம் முழுக்க யோசித்துவந்த எனக்கு, அவள் முகத்தைக் கண்டதும் பொய் வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"நான் உடனை செத்தனாமோ, கிடந்து இழுத்தனாமோ?" என்று கேட்டாள்.

அவளே எழுந்து ஃபோனை எடுத்து நம்பரை அடித்தாள்.

"நான் உயிரோடைதான் இருக்கிறன்," என்றாள். "என்ன செய்யப் போறியள்?"

வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "ஓம். உங்களாலை திருத்தேலாது. விளங்குது," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு, "அம்மாவுக்கு என்ன சொல்லுறது அண்ணா?" என்றாள்.

ஆத்திரத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. "அவன் செத்துப்போனான் எண்டு சொல்லுவம். அவன் உனக்குச் செய்ததுதானே!"

"வாயைக் கழுவுங்கோ!" என்று கத்தினாள். ஆறு வருடத்தில் ஒருநாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணா. அவர் நல்லா இருக்கட்டும்."