பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு

1. சிவப்பு விளக்கு

காலை ஷிப்ட் மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. புக்கிட் பாருவைத் தாண்டி இருந்த அந்த ஃபேக்டரியில் அன்றுதான் புதிய சிப் கார்டு. மலாய்க்காரர்கள் கார்டைக் காட்டினார்கள், பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனார்கள். சீனர்களும் போனார்கள். தமிழர்கள் காட்டினால் மட்டும் சிவப்பு. கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா நல்ல மனிதர்தான். வரிசை நகர வேண்டுமே என்று, "இண்டியா செமுவா தெப்பி" என்றார். இந்தியர்கள் எல்லாரும் ஓரமாக நில்லுங்கள் என்று அர்த்தம். என் ஜனங்கள் வேலி ஓரம் ஒதுங்கினார்கள். அந்தக் கார்டுகள் அத்தனையும் நான் எழுதியவை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

2. வெற்றுக் கார்டும் பாயின் பெயரும்

நான் நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா வருஷத்தில் பிறந்தவள். கம்ப்யூட்டர் பழகியதே நாற்பதுக்கு மேல்தான். காஜா பெராங்கில் காதர் பாய் கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டிருந்தவளை, சிப் கார்டு வந்ததும் அதில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது.

வேலை இதுதான். வெற்றுக் கார்டை ரைட்டர் என்கிற எழுதும் மெஷினில் செருகி, சாஃப்ட்வேரில் எண், பெயர், ஷிப்ட் மூன்றையும் கொடுத்து 'ரைட்' அழுத்த வேண்டும். கடைசியாக 'லாக்'. லாக் ஆன கார்டில் பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மூன்று விவரங்களையும் பிரிக்க சாஃப்ட்வேர் தானாகவே நடுவில் ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ளும். கோளாறு எங்கே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

எங்கள் கடையில் புது வேலைக்கு முதல் கார்டு எப்போதும் பாய் பெயரில்தான். போணி மாதிரி ஒரு நம்பிக்கை. முஸ்லிம் பெயரில் மகன் என்பதற்கு 'பின்' வரும்; காதர் பின் இப்ராகிம் என்று அடித்தேன், ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், கேட் திறந்தது. பாய்க்கு ஒரே சந்தோஷம். மீதியை வரிசையாக எழுதி லாக் செய்தேன். இந்த நாட்டில் தமிழர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி வரும். என் பெயரே விஜயா ஏ/பி முனியாண்டி. அதை ஒருமுறை அடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

3. கமலா

வேலி ஓரம் நின்றவர்களில் கமலா என்று ஒரு பெண். கான்ட்ராக்ட்டில் இருந்தாள். பஸ்ஸால் அடிக்கடி தாமதமாகி, இன்னொரு தடவை லேட் விழுந்தால் வேலையை நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தார்களாம். அன்று அவள் எல்லாருக்கும் முன்னால் வந்தவள். கார்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது கோவிந்தன் பிள்ளை வேலைக்கு வந்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாயே வீட்டு மொழியாகிவிட்ட செட்டிகள் வாழும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவர். பெயர் தமிழ், நெற்றியில் விபூதி, பேச்சு மலாய். அவருக்குப் பச்சை எரிந்தது. ஒதுங்கி நின்றவர்களைப் பார்த்து அவரே தயங்கினார். அவர் பெயர் பிள்ளையோடு முடிந்துவிடும், ஏ/எல் கிடையாது. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஏ/பியில் உள்ள சாய்கோட்டோடு பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, கமலாவின் அப்பா பெயரைப் போய் ஷிப்ட் என்று படித்திருக்கிறது மெஷின்.

பாய்க்கு போன் செய்தேன்.

"உன் தப்புன்னு வாயத் தொறக்காதம்மா. பேருல பிரச்சனைன்னு சொல்லு. அது பொய் இல்லையே" என்றார்.

நானும் அப்படியே சொன்னேன். உங்கள் பெயரில் பிரச்சனை இருக்கிறது, புதுக் கார்டு போட்டுத் தருகிறேன் என்று தமிழிலும் மலாயிலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கையோடு கொண்டுவந்திருந்த ரைட்டரையும் வெற்றுக் கார்டுகளையும் ஜாகாவின் மேஜையில் வைத்து, சாய்கோட்டை எடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து நேரே கமலாவிடம்தான் ஏன் லேட் என்று கேட்டார்.

"நாமா சாயா சாலா, எஞ்சே" என்றாள். என் பெயர் தப்பு, சார்.

பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். "ஆன்ட்டி, எங்கப்பா பேர எடுத்துட்டா உள்ள விடுவாங்களா? எடுத்துருங்க. அவரு தவறிட்டாரு, ஒன்னும் சொல்ல மாட்டாரு."

கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தேன். எழுந்து சூப்பர்வைசரிடம், பெயர் சரிதான், நான் எழுதியதுதான் தப்பு, இவர்கள் யாருக்கும் லேட் போடாதீர்கள் என்றேன். வேலி ஓரம் நின்ற எல்லாரும் பார்க்க என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினார். யாருக்கும் லேட் விழவில்லை. பாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. புதுக் கார்டை வாங்கிக்கொண்டு, "சிரமம் குடுத்துட்டேன் ஆன்ட்டி, மன்னிச்சிருங்க" என்றாளே கமலா, அதற்குத்தான் கூசிப்போனேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கோளாறு நம்முடையது என்றால் உடனே, அவர்கள் காது கேட்கச் சொல்லிவிடுங்கள். நாம் வாயை மூடிக்கொண்டால், வெளியே நிற்பவர்கள் அதைத் தங்கள் குறை என்று நம்பிவிடுவார்கள்.