விழுந்ததுண்டா என்ற கேள்விக்கு நான் எழுதிய பதில்

ஐந்தருவிக்குப் போகும் ஈரப் படிக்கட்டில், ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, நான் விழுந்தேன். அவர்களில் பதினோரு பேர் கைதட்டினார்கள். என் நோயின் முதல் அறிகுறி அதுதான் என்று தெரிய மேலும் ஐந்து மாதங்கள் ஆயின.

கைதட்டியவர்கள் என் மாணவர்கள். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில், ஓர் அரிசிக்கடையின் மாடியில் இருபத்தாறு ஆண்டுகளாக ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்கள் வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும். காலை வகுப்பை முடித்துவிட்டு வங்கிக்கும் பள்ளிக்கும் கடைக்கும் ஓடுவார்கள். சாரல் தொடங்கியதும் வரும் முதல் ஞாயிறன்று வகுப்பு கிடையாது. எல்லோருமாக ஐந்தருவிக்குக் குளிக்கப் போவோம்.

அன்று என் வலது கால் அடுத்த படிக்கு வர மறுத்தது. உடல் புறப்பட்டுவிட்டது, கால் புறப்படவில்லை. தோளைக் கொடுத்து உருண்டு, உள்ளங்கையால் தரையை அறைந்து, அதே வேகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். முழங்கையில் கொஞ்சம் தோல் போனதோடு சரி.

"மாஸ்டர், இன்னொரு வாட்டி! போன்ல எடுக்கல!" என்றார் பின்னால் வந்த ஒருவர்.

மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி சர்க்கஸ்ல இருந்தியளோ?"

"தாலுகா ஆபீஸ்ல இருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் பழத்தை அடுக்கினார்.

ஜூடோ தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எதிராளியின் உடையைப் பிடித்து, நிலை குலைத்து, தூக்கிப்போடும் கலை அது. ஆனால் முதலில் கற்றுத்தருவது உக்கெமியை (அடிபடாமல் விழும் முறை). கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், முதல் மூன்று மாதம் யாரையும் தூக்க விடவில்லை. விழுந்துகொண்டே இருந்தோம். நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு, தூக்கத்தில் கட்டிலிலிருந்து புரண்டாலும் ஒழுங்காக விழக்கூடியவனாக நான் இருந்தேன். இந்தத் திறமைதான் என்னைக் கெடுத்தது.

அந்த மழைக்காலம் முழுக்கக் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. வாசற்படி வந்தால் நின்றுவிடும். திரும்ப வேண்டுமென்றால், பேருந்து நிலையத்தில் பேருந்து திரும்புவதுபோல முன்னும் பின்னும் பலமுறை நகர வேண்டியிருந்தது. என் மனைவி பேச்சியம்மாள் ராணுவச் சுபேதார் வீட்டுப் பெண். நடையைப் பார்த்தே ஆளை எடைபோடும் குடும்பம்.

"என்ன, கால்ல பசை தடவியிருக்கா? செருப்பைத் தேச்சுத் தேச்சு நடக்கிய" என்றாள்.

புதுச் செருப்பு என்றேன். வகுப்பில் ஓர் எறிதலின் பெயர் மறந்துபோனது. மாணவர்களுக்குத் தெரிகிறதா என்று சோதித்ததாகச் சொன்னேன். சிறுநீர் அவசரப்படுத்தியது. மோர் அதிகம் குடித்ததாகச் சொன்னேன். எந்தக் குறைபாட்டுக்கும் ஏற்கத்தக்க விளக்கம் எழுதும் பயிற்சி எனக்கு உண்டு. துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன் நான்.

முதல் மருத்துவர் முழங்கால் தேய்மானம் என்றார். இரண்டாமவர் நடுக்குவாதமாக இருக்கலாம் என்று மாத்திரை தந்தார். மூன்று மாதம் விழுங்கியும் கால் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில், சனிக்கிழமைகளில் தென்காசிக்கு வரும் நரம்பியல் மருத்துவரிடம் போனோம்.

நான் கோப்போடு போனேன். பொருளடக்கம், பக்க எண், தேதிவாரியாகப் பரிசோதனை முடிவுகள், மேலே நாடா. மருத்துவர் கேட்காத ஏழு ஆவணங்கள் அதில் இருந்தன. கேட்ட ஒன்றே ஒன்றில்தான் தவறு செய்தேன். வரவேற்பறையில் தந்த படிவத்தில், 'கடந்த ஆறு மாதங்களில் கீழே விழுந்ததுண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். நல்லெண்ணத்தோடுதான் எழுதினேன்.

உள்ளே மருத்துவரும் அதையே கேட்டார். "விழுந்திருக்கீங்களா?"

"இல்லை."

"டாக்டர், மாஸ்டர் தப்பாச் சொல்லுதாக" என்றது கதவோரம் ஒரு குரல்.

மும்தாஜ். கடையநல்லூர்க்காரி, பள்ளியில் கணக்கு ஆசிரியை, பதினோரு வருடங்களாக என் மாணவி, இப்போது கறுப்புப் பட்டை. காரில் எங்களை அழைத்துவந்தது அவள்தான். வெளியே உட்காரச் சொல்லியிருந்தேன்.

"ஒம்பது வாட்டி விழுந்திருக்காக. நான் கண்ணால பாத்தது மட்டும்" என்றாள்.

"அதெல்லாம் விழுந்ததுல சேராது மும்தாஜ். உக்கெமி" என்றேன்.

"சரி மாஸ்டர். உங்கள யாரு தூக்கிப் போட்டா?"

ஜூடோவில் ஒருவர் விழுந்தால், எறிந்தவர் என்று ஒருவர் இருக்க வேண்டும். என்னுடைய ஒன்பது விழுதல்களிலும் எதிராளியே கிடையாது. அழகாக விழுந்ததில், ஏன் விழுந்தேன் என்று கேட்க மறந்திருந்தேன்.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஒம்பதா? எனக்கு ரெண்டுதான தெரியும்!"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை என்னிடம் நீட்டினார். 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'ஒன்பது' என்று எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் இட்டேன்.

மூளையைப் படமெடுத்ததில் விஷயம் தெரிந்தது. நோயின் பெயர் இயல்பு அழுத்த நீர்த்தலை (மூளைக்குள் இருக்கும் அறைகளில் நீர் மெல்லத் தேங்கி, அவை விரிந்து, நடையையும் நினைவையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் குலைப்பது). மண்டைக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று கேட்டதும் பேச்சியம்மாள் எந்த ஆச்சரியமும் காட்டவில்லை.

வயதானால் இப்படித்தான் என்று பல வீடுகளில் இந்த நோயை விட்டுவிடுகிறார்கள் என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சையால் சிலருக்கு நடை திரும்பும், சிலருக்குத் திரும்பாது. யாருக்குத் திரும்பும் என்று ஓரளவு கணிக்க ஒரு சோதனை உண்டு. முதுகுத் தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்ப்பது. நடை மாறினால் நம்பிக்கை. மாறாவிட்டால், வகுப்பு நடக்கும் அந்த மாடிக்கு நான் மறுபடி ஏறுவது சந்தேகம். அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன்.

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் நடைவழியில் அந்தச் சோதனை நடந்தது. தரையில் நாடா ஒட்டியிருந்தார்கள். ஊசிக்கு முன் அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு முப்பத்தோரு காலடிகள். திரும்புவதற்கு மட்டும் ஒன்பது. இயன்முறைப் பயிற்சியாளர் குறித்துக்கொண்டார்.

ஊசி பயந்த அளவுக்கு இல்லை. சுருண்டு படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சிறு குப்பிகளில் எடுத்த நீரைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஐந்தருவித் தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். நடக்கச் சொன்னார்கள். வலது கால் எழும்பியது. இதைவிடச் சிறப்பாக எழுத எனக்குத் தெரியவில்லை. எழும்பு என்றேன், எழும்பியது. பதினேழு அடிகளில் அந்த முனைக்குப் போய் மூன்றே அடிகளில் திரும்பினேன். பின்பு, யாரும் கேட்காமலே, ஜூடோவின் காலடிகளை வைக்க ஆரம்பித்தேன். ஒரு கால் வழுக்கிப் போக, மறு கால் பின்தொடரும் நடை. முன்னால், பக்கவாட்டில், அரை வட்டம்.

"ஐயா, இது டெஸ்ட்ல கிடையாது" என்று செவிலியர் கூடவே ஓடிவந்தார்.

"எழுதிக்கோங்கம்மா. கூடுதல் தகவல்னு எழுதிக்கோங்க" என்றேன்.

பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "ஏட்டி மும்தாஜ், பிடிச்சு நிறுத்து அவியள. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரில்லா போறாவ!" என்றாள். எதிர் அறை நோயாளிகள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அதே நாளில் அதே சோதனை செய்துகொண்ட இன்னொருவருக்கு நடை மாறவில்லை. அவருடைய மகள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காவது நடந்துச்சே" என்றாள். அந்தப் பெருந்தன்மைக்கு முன் என் சந்தோஷம் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

மூன்றாம் நாள் கால்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன. இது எதிர்பார்க்க வேண்டியதுதான், நீர் திரும்ப ஊறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும், திரும்பக் கிடைத்ததைத் திரும்ப இழந்து அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த அந்த ஒரு வாரம், முந்தைய ஆறு மாதங்களைவிட நீளமாக இருந்தது. இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் அந்த வாரத்துக்குத் தயாராக இருங்கள்.

அறுவை சிகிச்சையில் ஷன்ட் (அதிகப்படியான நீரைத் தோலுக்கு அடியிலேயே வயிற்றுக்கு இறக்கிவிடும் மெல்லிய குழாய்) பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சிறு புடைப்பு தட்டுப்படும். அதுதான் வால்வு (நீர் எவ்வளவு வடியலாம் என்று தீர்மானிக்கும் அடைப்பான்). வெளியிலிருந்து காந்தக் கருவி வைத்தே அதன் அளவை மாற்றலாம்.

"காந்தம் வச்சா மண்டையத் திருத்திரலாமா? முப்பத்தெட்டு வருசமா இந்தச் சாமானத்தான டாக்டர் தேடுதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

உண்மையில் அவர்கள் இரண்டு முறை அளவை மாற்ற வேண்டியிருந்தது. அதிகமாக வடிந்தபோது எழுந்து உட்கார்ந்தால் தலைவலி. குறைவாக வடிந்தபோது பழைய பசை. நான்காம் மாதத்தில் வாசற்படி என்னை நிறுத்தவில்லை. ஐந்தாம் மாதத்தில் எறிதல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, தாமதமாக வந்ததற்கு எந்த விளக்கமும் தராமல். சிறுநீர் மட்டும் இன்னும் முழுவதும் கட்டுப்படவில்லை. இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காகவே சொல்கிறேன்.

பத்தாம் மாதம் மருத்துவரிடம் தகுதிச் சான்றிதழ் கேட்டேன். அவர் யோசித்தார்.

"வகுப்பு எடுக்கலாம். லேசா யாரையாவது தள்ளிக்கூடக் காட்டலாம். ஆனா உங்களை யாரும் தள்ளக் கூடாது. தலை அதிரவே கூடாது."

"முப்பத்து நாலு வருசம் ஆபீஸ்ல அப்படித்தான் டாக்டர் இருந்தேன்."

'கீழே விழுவது அறவே தவிர்க்கப்பட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். இருபத்திரண்டு படிகள். நிற்கவில்லை.

சிக்கல் மேலே இருந்தது. சுவரில் என் கையெழுத்தில் வகுப்பின் விதிகள் ஒட்டப்பட்டிருக்கும். முதல் விதி: உக்கெமி செய்ய இயலாதவர் மேட்டில் (தரையில் விரித்த பயிற்சி மெத்தையில்) கால் வைக்கக் கூடாது. தோள்பட்டை பிசகியவர்களையும் காய்ச்சலில் எழுந்தவர்களையும் அந்த விதியைக் காட்டி எத்தனையோ வாரங்கள் ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறேன். கெஞ்சியவர்களுக்கும் விலக்கு அளித்ததில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, மேட்டுக்கு முன்னால் நின்றேன். நான் இல்லாத மாதங்களில் வகுப்பு எடுத்துவந்த மும்தாஜ் அதை நிறுத்திவிட்டு வந்தாள். சான்றிதழை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். என்னிடம் படித்தவள், வேறு எப்படி இருப்பாள்?

"மாஸ்டர், இதுல விழக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"ஆமா."

"அப்ப முதல் விதிப்படி…"

"தெரியும்" என்று பெஞ்சுக்குத் திரும்பினேன். விளையாட்டுக்குச் செய்யவில்லை. என் விதி எனக்குப் பொருந்தாது என்றால் அந்த பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

"நில்லுங்க மாஸ்டர். நீங்க எழுதினதை நீங்களே சரியாப் படிக்கலியே. செய்ய இயலாதவர்னுதான போட்டிருக்கு? டாக்டர் இயலாதுன்னு சொல்லல. செய்யக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காரு. உங்களுக்கு இயலாதா? ஒம்பது வாட்டி கீழ விழுந்து காட்டினியளே, நான் சாட்சி."

வகுப்பே சிரித்தது. தாலுகா அலுவலகத்தில் இவள் இருந்திருந்தால் நான் ஓய்வுபெறும்வரை இவளுக்குக் கீழே வேலை பார்த்திருப்பேன். மேட்டில் கால் வைத்தேன். உள்ளங்காலுக்குக் கீழே அந்தக் குளிர்ந்த, லேசாக அமுங்கும் பரப்பு.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "நான் உங்களப் பிடிக்க மாட்டேன். பிடிச்சா, விழும்போது உங்களையும் இழுத்துருவேன். நீங்க மட்டும் பிடிங்க."

அவளுடைய உடையின் கழுத்துப் பட்டியையும் ஒரு கையையும் பிடித்தேன். அவள் கைகளைத் தொங்கவிட்டு நடந்தாள். நானும் நடந்தேன். எதிராளி அடியெடுத்து வைக்கும்போது, எடை அந்தக் காலில் இறங்க ஆரம்பித்து, இன்னும் முழுதாக இறங்காத ஒரு கணம் உண்டு. அப்போது பாதத்தால் அந்தக் காலைத் துடைப்பம்போலப் பெருக்கித் தள்ளிவிட வேண்டும். பலம் தேவையில்லை. முன்பெல்லாம் அந்தக் கணத்தை நான் பார்த்ததே இல்லை, பழக்கத்தில் கால் தானாகப் போய்விடும்.

இப்போது பார்த்தேன். ஒரு வருடமாக ஒவ்வோர் அடியையும் காலிடம் கேட்டுக் கேட்டு வைத்தவனுக்கு அந்தக் கணம் ஓர் அறைபோலத் திறந்திருந்தது. அவள் குதிகால் இறங்குவது தெரிந்தது. என் வலது கால் தரையை விட்டு எழுவது தெரிந்தது. அவசரமே இல்லை. உள்ளே நின்று சுற்றிப் பார்க்கக்கூட நேரம் இருந்தது.

பெருக்கினேன். மும்தாஜ் காற்றில் சாய்ந்து, மாடி அதிரக் கையால் மேட்டை அறைந்து விழுந்தாள்.

படுத்தபடியே, கூரையைப் பார்த்துக் கேட்டாள். "மாஸ்டர், நிக்கியளா?"

குனிந்து என் பாதங்களைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன, தனித்தனியாக, தரையில்.

"நிக்கேம்மா" என்றேன்.