பார்க்கலாம், தொடக் கூடாது

சீனிச்சாமிக்கு இடது காது மந்தம். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் மெஷின் ஓரமாக நின்ற வருஷங்கள் கொடுத்தது. மில்லை மூடியதும் ஐயாதுரையின் தென்னந்தோப்புக்குக் காவலுக்கு வந்தார். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையை ஒட்டிய ஊர். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒற்றை அறை. அதில் அவரும் மனைவி மாடத்தியும். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அறைக்கு வாடகை இல்லை. விழுகிற மட்டை அவர்களுக்கு.

அவருக்கு முன் காவல் இருந்தவன், ஐயாதுரையோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். சாப்பிட்டுத் திரும்பியபோது அவன் சாமான்கள் வாய்க்கால் கரையில் இருந்தன. இதை யாரும் சீனிச்சாமியிடம் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார்கள்.

தேர்தல் வந்தால் ஐயாதுரை கைகாட்டுகிறவருக்கு சீனிச்சாமி பூத் ஏஜென்ட். உள்ளே உட்கார அந்த ஊரில் ஓட்டு இருக்க வேண்டும், பட்டியலை வாசிக்கத் தெரிய வேண்டும். இரண்டும் அவருக்கு இருந்தன. இந்த முறை ஐயாதுரையே ஊராட்சித் தலைவருக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் ஹபீப் ரகுமான். கொப்பரை வியாபாரி, பஸ் ஸ்டாப்பில் கடை.

ஐயாதுரை மோட்டார் ரூம் வாசலில் நின்று சொன்னார்.

"ஏலே சீனி, உன் வீட்ல ரெண்டு ஓட்டு. ரெண்டும் நம்மது."

"சரி மொதலாளி."

மாடத்தி அங்கேயேதான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஐயாதுரை அவள் பக்கம் திரும்பவில்லை. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் சீனிச்சாமி உரம் வாங்கப் போயிருந்தபோது ஹபீப் வந்து போயிருக்கிறார். மாடத்திதான் சொன்னாள்.

"கடைக்காரர் வந்தாக. அவிய இல்லன்னேன். 'அவர்ட்ட கேக்க வரலக்கா, உங்ககிட்டதான் கேக்க வந்தேன்'னாக."

"நீ என்ன சொன்ன?"

"காப்பி குடிக்கீயளான்னேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாக. டம்ளர அவுகளே கழுவி வச்சாக."

சீனிச்சாமி அதற்கு மேல் கேட்கவில்லை.

மாடத்தி கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது மகளிர் குழுவில். குழுவை நடத்தும் யோகேஸ்வரி எல்லோரிடமும் ஒன்றே சொல்வாள்: கையெழுத்து இல்லாத பேப்பர் செல்லாது. மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். மாடத்தி பிடித்துக்கொண்டாள். ரேஷன் கடை, நூறு நாள் வேலை, கேஸ் சிலிண்டர், எங்கே எதை நீட்டினாலும் அடியில் போட்டுவிடுவாள். அவள் எழுத்து இடது கீழ் மூலையில் தொடங்கி மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும். கடைசி எழுத்து முதல் எழுத்தின் தலைக்கு மேல் இருக்கும். நேராக எழுது என்று சீனிச்சாமி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ஏறுனா ஏறட்டும்" என்றாள்.

ஓட்டுப்போடும் நாளில் பள்ளிக்கூடத்து பெஞ்சில் சீனிச்சாமியும் ஹபீப்பின் ஏஜென்ட் ரஃபீக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரஃபீக் ஹபீப்பின் மருமகன் முறை, கடையில் லோடு ஏற்றி அனுப்புகிறவன். மாடத்தி வந்தபோது வரிசை குறைந்திருந்தது. சீட்டு கிழித்துக் கொடுக்கிற டீச்சர், அடிக்கட்டையில் ரேகை வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார்.

"பேனா குடுங்க" என்றாள் மாடத்தி.

அடிக்கட்டைகளில் போட்டாள். வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று நாலு நிறத்தில் நாலு சீட்டு. வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் வரவில்லை.

"டீச்சர் உங்க பேனாவும் உள்ள போயிருச்சு" என்றான் ரஃபீக். "அக்கா ஊருக்கே சேத்துப் போட்டுட்டு இருக்காக போல."

டீச்சர் மேஜையைத் தடவினார். "என்னம்மா, உள்ள சமையலா?"

மாடத்தி மடித்த சீட்டுகளோடு வந்து பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதுது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சீனிச்சாமியும் சிரித்தார்.

எண்ணிக்கை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் போனை வாங்கிக் கூடையில் போட்டார்கள். மேஜைகளுக்கும் ஏஜென்டுகளுக்கும் நடுவில் கம்பிவலை. உதவி அதிகாரி மைக்கில் விதிகளை வாசித்தார். பார்க்கலாம், தொடக் கூடாது. வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது தெரியவந்தால் அதை வெளியில் சொல்லக் கூடாது. சீனிச்சாமி வலது காதைக் காட்டிக் கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் டீ எங்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைவருக்கான ரோஸ் நிறச் சீட்டுகளைப் பிரித்துத் தட்டுகளில் போட்டார்கள். சந்தேகமான சீட்டுகள் தனித் தட்டில். கடைசியில் அதிகாரி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வலைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஒன்றில் முத்திரையே இல்லை. ஒன்றில் எல்லாச் சின்னத்திலும் முத்திரை. அடுத்ததில் ஹபீப்பின் சின்னமான பூட்டு சாவி மேல் முத்திரை சுத்தமாக விழுந்திருந்தது. அதன் கீழே நீல மையில் எழுத்து, இடது மூலையில் தொடங்கி மேலே ஏறியது.

"யார்னு தெரியற மாதிரி எழுதியிருக்கு. செல்லாது."

சீனிச்சாமி வாசித்துவிட்டார். கண்ணை எடுப்பதற்குள் வாசித்தாகிவிட்டது. இடது பக்கத்தில் ரஃபீக் ஏதோ முணுமுணுத்தான். காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்தார். பேனா என்றிருந்தான்.

மற்ற மூன்று சீட்டுகளும் இதே ஹாலில் வேறு மேஜைகளில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. எல்லாவற்றிலும் போட்டிருப்பாள்.

கூட்டிச் சொன்னபோது ஐயாதுரைக்கு ஒரு ஓட்டு அதிகம். ஒரே ஒரு ஓட்டு. அதிகாரி முடிவை அறிவிக்கவில்லை. மறு எண்ணிக்கை கேட்பதானால் இப்போதே காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும், அறிவித்த பிறகு கேட்க முடியாது என்றார். ஹபீப் பேப்பர் கேட்டார்.

"தம்பி" என்றார் சீனிச்சாமி, ரஃபீக்கிடம். "அது வேண்டாமே."

"ஒரு ஓட்டுண்ணே."

"தெரியுது."

"எங்க இடத்துல நீங்க இருந்தா கேக்காம இருப்பியளா?"

சீனிச்சாமி ஹபீப் எழுதிய பேப்பரை எட்டிப் பார்த்தார்.

"பேர எழுதல" என்றான் ரஃபீக். "செல்லுற ஓட்டத் தள்ளிட்டாகன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. மாமாட்டகூட நான் சொல்லல. நம்புங்க."

சீனிச்சாமி நம்பினார். அதனால் எதுவும் மாறவில்லை.

அதுவரை பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்த ஐயாதுரை, மறு எண்ணிக்கை என்றதும் எழுந்து வலையோரம் வந்தார். கட்டுகளை அவிழ்த்து மறுபடி எண்ணினார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தச் சீட்டை அதிகாரி மறுபடி வலைக்கு நேராகப் பிடித்தார். ஐயாதுரை கண்ணைச் சுருக்கினார். கண்ணாடி ஜீப்பில் கிடந்தது. போய் எடுத்தால் திரும்பி வர முடியாது.

"ஏலே சீனி, என்ன எழுதியிருக்கு? படி."

"வெளிச்சம் பத்தல மொதலாளி."

"உனக்குக் காதுதான கேக்காது. கண்ணுக்கு என்ன? படிலே."

"சார், வாசிக்கக் கூடாது" என்றார் அதிகாரி. "பார்க்கலாம். அவ்வளவுதான்."

"பாக்கத்தான செய்யுதேன்."

ஐயாதுரை விரல்களை வலைக் கண்களுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் எழுத்தைப் படிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"மலையேறுத மாதிரி எழுதியிருக்கா" என்றார்.

சீட்டு இரண்டாவது முறையும் செல்லாது. ஐயாதுரை தலைவர். வாசலில் மாலை போட்டார்கள். ஹபீப் வந்து கைகொடுத்தார். ரஃபீக் கூடையில் தன் போனைத் தேடுவதுபோல் குனிந்தே நின்றான்.

திரும்பும்போது ஜீப்பில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஐயாதுரை முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"அவனுக்குக் குத்திட்டு, நம்மள ஜெயிக்க வச்ச மகராசி யாருலே?"

ஆட்கள் சிரித்தார்கள்.

"இல்ல, கேக்கேன். பேனா உள்ள எப்படிப் போச்சு? காலைல இருந்து பூத்துல நீதான உக்காந்திருந்த."

"என்ன மொதலாளி?"

"பேனா. பேனா."

"காத்துல ஒண்ணும் கேக்கல மொதலாளி."

"இவனுக்கு வேணும்னாதான் கேக்கும்" என்றார் ஐயாதுரை. அதற்கும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தோப்புக்குள் நடந்து வரும்போது எப்படிச் சொல்வது என்று சீனிச்சாமி ஒழுங்குபடுத்திக்கொண்டார். முதலில் எழுத்து. பிறகு செல்லாமல் போனது. பிறகு, யார் எது நீட்டினாலும் கொஞ்ச நாளைக்குக் கையெழுத்துப் போடாதே.

மாடத்தி வாசலில் நின்றிருந்தாள். செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது.

"மொதலாளி ஜெயிச்சுட்டாகளாம்ல. ஒரு ஓட்டுலயாம்ல."

"ஆமா."

"ஒரு ஓட்டுன்னா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்திருப்பாகளே."

"பாத்தாங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"நம்ம ஓட்டுச் செல்லுச்சுல்ல?"

அவள் தன் ஆள் தோற்றதைப் பற்றிக் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள். சீனிச்சாமி காலைக் கழுவினார். செம்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினார்.

"செல்லுச்சு" என்றார்.

"நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மீதியைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார்.

காலையில் அவர் மடை மாற்றிவிட்டு வந்தபோது ஐயாதுரையின் கார் மோட்டார் ரூம் வாசலில் நின்றது. ஐயாதுரை கண்ணாடி போட்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைத் தாள். எதிரே மாடத்தி.

"ஓடு ஒழுகுதுன்னு உன் புருசன் எம்புட்டு நாளாச் சொல்லுதான்" என்றார் அவளிடம். "இப்ப நான் தலைவர்ல. வீடு கேட்டு மனுக் குடுப்போம். கீழ நீ கையெழுத்துப் போடு. மேல நான் எழுதிக்கிடுதேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் நேராக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. மாடத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மொதலாளி" என்றார் சீனிச்சாமி. "அவளுக்குக் கை நடுங்கும். ரேகை வச்சுக்கிடலாமே. இல்லன்னா நான் போடுதேன்."

"எனக்கா நடுங்குது?" என்றாள் மாடத்தி. "ரேகைய யாரு மதிக்கா?"

"ஏலே, அவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு" என்றார் ஐயாதுரை. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"மாடத்தி" என்று கூப்பிட்டார் சீனிச்சாமி.

அவள் நிமிர்ந்தாள். ஐயாதுரையும் நிமிர்ந்தார். இரண்டு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன சொன்னாலும் அது ஐயாதுரையிடம் சொன்னதாகிவிடும்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் தாளை வைத்துக்கொண்டு மாடத்தி குந்தினாள். நாலு எட்டில் அந்தத் தாள் இருந்தது. சீனிச்சாமி கைகளைத் தொங்கவிட்டபடி நின்று பார்த்தார். முதல் எழுத்து இடது மூலையில் விழுந்தது. அடுத்தது அதற்குச் சற்று மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. அவசரப்படாமல் எழுதினாள்.

பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதுது" என்றாள்.

ஐயாதுரை தாளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

சீனிச்சாமியின் வலது பக்கமாக வந்து நின்றார்.

"மோட்டார் ரூம் சாவியக் குடு" என்றார்.

சீனிச்சாமி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. மாடத்தி வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் அருகில் வந்தாள்.

"வீடு எந்த எடத்துல குடுப்பாகன்னு கேளுங்க" என்றாள்.